பூதப்படையின் பற்கள்

ஜூன் 3

அக்கா,

பெட்டியைத் திறக்காதே. முதலில் இதைப் படி. படித்த பிறகும் திறக்காதே.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். போன முறை வைத்தது நீ. கடிதம் என்றால் நடுவில் குறுக்கே பேச முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது என் பூதப்படை. நாற்பது பேர், ஒவ்வொருவனும் கட்டைவிரல் உயரம். அத்தானிடம் ‘பொம்மை’ என்று சொல்லிச் சிரிக்காதே, மினியேச்சர் என்று சொல். எங்கள் சங்கத்தில் இந்த வருடம் ஒரு சவால் வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் முதல் தேதி தொடங்கி ஆகஸ்ட் கடைசிக்குள் நாற்பது பேர் கொண்ட ஒரு படைக்கு முழுக்கப் பெயின்ட் அடித்து முடிக்க வேண்டும். முடித்தவர்களின் ஆள் ஒருவனைச் சங்கத்துக் கண்ணாடி அலமாரியில் நிறுத்தி, அடியில் பெயர் எழுதி வைப்பார்கள். எட்டு வருடமாக நான் அங்கே உறுப்பினர். ஐந்து படை தொடங்கினேன். அலமாரியில் என் ஆள் ஒருவன்கூட இல்லை. அங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தெரியுமா? ‘முக்கால்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சங்கத்தில் ஒரு பேக்கரிக்காரர் இருக்கிறார், அவர் வைத்த பெயர். எதை எடுத்தாலும் முக்காலோடு விட்டுவிடுகிறேனாம். பொய் என்று சொல்லவும் முடியவில்லை.

இந்தத் தடவை விடுவதாக இல்லை. இருபத்தெட்டுப் பேர் முடிந்துவிட்டார்கள். வார்னிஷ் மட்டும் பாக்கி, அதை நாற்பதுக்கும் சேர்த்துக் கடைசியில் அடிப்பேன். பன்னிரண்டு பேர் வெறும் அடிப்பூச்சோடு நிற்கிறார்கள். இந்த நேரம் பார்த்து என்னை வெளியூர் சைட்டுக்கு அனுப்புகிறார்கள். பதினான்கு மாடி, மூன்று லிப்ட், நான்கு வாரம், ஒரே அறையில் ஏழு மெக்கானிக். வீட்டிலோ குழாய் கசிகிறது என்று சமையலறைச் சுவரை உடைத்துப் போட்டிருக்கிறார்கள். ஈரப் பெயின்ட்டில் சிமெண்ட் தூசி விழுந்தால் கதை முடிந்தது. வேறு போக்கிடம் இல்லாமல்தான் உன்னிடம் அனுப்புகிறேன்.

சவாலில் சேரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ‘இந்தப் படையின் ஒவ்வொரு பூச்சும் என் கையால் ஆனது.’ அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உன் கையைப் பற்றி எனக்குத் தெரியும், அது சும்மா இருக்காது. பரணில் வை, பீரோவில் வை, எங்கே வேண்டுமானாலும் வை. தொடாதே.

தம்பி

*

ஜூன் 10

தம்பி,

பெட்டியைத் திறந்தேன். குதிக்காதே.

தபால்காரர் கொண்டுவந்து கொடுக்கும்போதே உள்ளே கடகடவென்று சத்தம். திறக்காமல் இருந்திருந்தால் ‘சத்தம் கேட்டும் சும்மா இருந்தியா’ என்று நீயே கத்துவாய். மூன்று பேரின் ஈட்டி உடைந்து கிடந்தது. நான்கு செய்தித்தாளைச் சுருட்டி அடைத்துவிட்டால் பாதுகாப்பு என்று உனக்கு யார் சொன்னது? லேபுக்கு எடுத்துப்போய், பல்லுக்குப் போடும் பசையில் ஒட்டினேன். மலையே விழுந்தாலும் இனி உடையாது. பசை பூச்சில் சேராது என்று நினைக்கிறேன். சேரும் என்றால் உன் சங்கத்தில் மனுக் கொடு.

அப்புறம், ஏதோ திருடியிடம் சாவி கொடுப்பதுபோல் எழுதியிருக்கிறாய். ‘வேறு போக்கிடம் இல்லாமல்.’ படித்துவிட்டு அத்தானே கேட்டார், "உன் தம்பி பாராட்டுறானா, திட்டுறானா?" என்று. நீ நாற்பது பொம்மைக்கு இவ்வளவு அலட்டுகிறாய். நான் பத்தொன்பது வருடமாகச் செயற்கைப் பல் செய்கிறேன். போன வாரம் ஒரு முன்பல்லை டாக்டர் மூன்று தடவை திருப்பி அனுப்பினார். நிறம் பக்கத்துப் பல்லோடு சேரவில்லையாம். ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று, டியூப்லைட்டில் ஒன்று என்று பார்த்துப் பார்த்து நாலாவது செய்தேன். சேர்ந்துவிட்டது. சேர்ந்தால் டாக்டரிடமிருந்து ஒரு வார்த்தை வராது. எங்கள் தொழிலில் பதில் வராவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

உன் ஆட்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். கவசத்தில் துரு ஏறியதுபோல் அடித்திருக்கிறாயே, அது நிஜமாகவே நன்றாக இருக்கிறது. பல்லைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

உன் அக்கா (திருடி)

*

ஜூலை 1

தம்பி,

பெட்டி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொருவனையும் பஞ்சில் படுக்கவைத்து, இடையில் அட்டை வைத்திருக்கிறேன். பார்சல் கட்டுவது எப்படி என்று பார்த்துக் கற்றுக்கொள்.

ஈட்டி மூன்று ஒட்டினேன். பன்னிரண்டு பேரும் நீ அனுப்பியபடியே வெறுமையாக இருக்கிறார்கள். எண்ணிப் பார்த்துக்கொள்.

லேபில் வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அக்கா

*

ஜூலை 13

அக்கா,

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் நீ நடுவில் வேறு எதையாவது ஆரம்பித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நேற்று சங்கத்தில் இடைக்காலப் பார்வை. எங்கள் சங்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் நடக்கிறது. கடைக்காரர்தான் செயலாளர், எங்களுக்கு நடுவரும் அவரே. கடையிலிருந்து பெரிய லென்ஸை எடுத்துவந்து ஒவ்வொருவர் படையையும் பார்ப்பார். என்னுடையதை வழக்கமாக அரை நிமிடத்தில் பார்த்துவிட்டு, "சரி முக்கால், தொடர்ந்து பண்ணு" என்று போய்விடுவார். நேற்று போகவில்லை. ஒருவனைக் கையில் எடுத்தார். வைத்தார். அடுத்தவனை எடுத்தார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டார். "இங்க வாங்கய்யா, இந்தப் பல்லைப் பாருங்க. ஈறுகிட்ட மஞ்சள், நுனியில கண்ணாடி மாதிரி. கோரைப்பல்லில ஒரு விரிசல்கூட இருக்கு. முப்பது வருஷமா பார்க்கிறேன், இப்படி ஒரு பல்லைப் பார்த்ததில்ல."

பேக்கரிக்காரர் லென்ஸை வாங்கி வாங்கிப் பார்த்தார். கிளம்பும்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விடைபெற்றார். எட்டு வருடத்தில் முதல் தடவை. படியில் இறங்கும்போது கால் தரையில் இல்லை.

உண்மையைச் சொன்னால், இவ்வளவு நன்றாக அடித்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. வெள்ளைப் புள்ளி வைத்ததாகத்தான் நினைவு. கடைசியில் எல்லார்மேலும் பழுப்பு மையைத் தண்ணீராகக் கரைத்து ஓட்டினேன், அது பல்லிடுக்கில் தங்கிக் காயும்போது இப்படி வந்திருக்கும். கைக்குத் தானாக வருவது என்று சொல்வார்களே, அதுவாகவும் இருக்கலாம்.

பார்சல் நன்றாகவே கட்டியிருந்தாய். ஒத்துக்கொள்கிறேன்.

உன் தம்பி (இப்போதைக்குப் பெயருள்ளவன்)

*

ஜூலை 24

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. சந்தோஷம்.

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், இரண்டு தாள் கிழித்தேன். இங்கே எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அத்தானுக்கு முழங்கால் வலி. லேபில் அடுப்பு ஒன்று பழுது.

உன் கண்ணாடிக்கடைக்காரர் வேறென்ன சொன்னார்? விரிசலைப் பற்றி மட்டும்தானா? சும்மா கேட்டேன்.

மீதி பன்னிரண்டை முடி. பல்லை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. யார் லென்ஸ் வைத்துக்கொண்டு திரியப் போகிறார்கள்? நீ எப்போதும் அடிப்பதுபோல் அடி.

அக்கா

*

ஆகஸ்ட் 8

அக்கா,

நான் விலகிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

பன்னிரண்டு பேரும் பல்லைத் தவிர முடிந்துவிட்டார்கள். கவசம், தோல், கண், செருப்பு வார், எல்லாம். பல் மட்டும் வரவில்லை. ஒருவனுக்கு ஒன்பது தடவை அடித்து ஒன்பது தடவை சுரண்டினேன், இப்போது அவனுக்கு உதடே இல்லை. பழுப்புத் தண்ணீரைக் கெட்டியாக ஓட்டினேன், வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஆனது. இளக்கமாக ஓட்டினேன், ஒன்றுமே தெரியவில்லை. பிரஷ் சரியில்லையோ என்று புதிது வாங்கினேன். பெயின்ட் பழசோ என்று அதையும் மாற்றினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

பக்கத்திலேயே அந்த இருபத்தெட்டுப் பேர் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முன் இதே கைதானே அதை அடித்தது? அந்தக் கை எங்கே போனது? சைட்டில் நான்கு வாரம் ஸ்பேனர் பிடித்ததில் விரல் மரத்துவிட்டதா? நேற்று வேலையில் ஒரு லிப்ட் கதவின் ஸ்க்ரூவைத் திருகும்போது கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கூட இருந்தவன், "என்னண்ணே, கையை ஜோசியம் பார்க்கிறீங்களா?" என்றான்.

உன் தம்பி பெண்டாட்டி முந்தாநாள் சொன்னாள், "பல்லு வராட்டி வாயை மூடி வச்சிடுங்களேன்." சிரிக்கத்தான் சொன்னாள். நான் பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தேன். அது சுவரில் பட்டுப் புதுச் சுண்ணாம்பில் கறையாகிவிட்டது. இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அவள் பக்கம்தான் நியாயம்.

நாற்பதில் பன்னிரண்டு போனால் எவ்வளவு என்று கேட்காதே. நாற்பதில் இருபத்தெட்டு முக்கால்கூட இல்லை. அந்தப் பெயருக்கும் இந்தத் தடவை தகுதி இல்லை.

தம்பி

*

ஆகஸ்ட் 13

தம்பி,

விலகாதே. உன் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பல் உன் கை அடித்தது அல்ல. நான் அடித்தேன்.

மேலே உள்ளதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் துணி மடித்துவிட்டு வந்தேன். இப்போது மீதியை எழுதுகிறேன்.

ஈட்டி ஒட்டினேன் என்றேனே, அதில் பொய் இல்லை. பசை காயும்வரை ஒருவனைக் கையில் பிடித்திருக்க வேண்டியிருந்தது. ஐந்து நிமிடம். லேப் விளக்கின் கீழே, என் பூதக்கண்ணாடிக்கு நேராக, அவன் வாயைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை. அதில் நாலு வெள்ளைப் புள்ளி. தம்பி, எந்த உயிருக்கும் பல் வெள்ளையாக இருக்காது. அந்த ஒருவனுக்கு மட்டும் சரிசெய்தேன். காய்ந்த பிறகு அவனைப் பெட்டியில் வைத்தால், மற்றவர்கள் முன்னைவிட மோசமாகத் தெரிந்தார்கள். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு பேர். அதற்கு மறுநாள் மூன்று பேர். சாப்பாட்டையே மறந்துவிட்டேன். இருபத்தெட்டாவது முடிந்த அன்று பெட்டியில் இன்னும் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களைத் தொடவில்லை. அதைப் பெரிய யோக்கியதையாக நினைத்துக்கொண்டேன்.

நீ பார்த்தவுடன் கண்டுபிடித்துக் கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் இரண்டு வாரம் பேசாமல் இருந்துவிட்டுச் சரியாகியிருப்போம். நீயோ உன்னுடையது என்று எடுத்துக்கொண்டாய்.

அந்தக் கடிதத்தைக் கண்டதும் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்றால், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் கடிதத்தை நான் ஐந்து தடவை படித்தேன். ‘முப்பது வருஷமா பார்க்கிறேன், இப்படி ஒரு பல்லைப் பார்த்ததில்ல.’ பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ வாயில் என் பல் இருக்கிறது. யாரும் அதைப் பார்க்கக்கூடாது என்பதுதான் அந்த வேலையே. முதல் தடவை யாரோ கூட்டம் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். அது உனக்குப் போய்ச் சேர்ந்ததில் எனக்கு வருத்தம்கூட இல்லை. பார்த்தார்கள் என்பதே போதுமாக இருந்தது. அதற்காக உன்னை ஒரு மாதம் உன் கையையே சந்தேகப்பட வைத்துவிட்டேன். நீ எறிந்த பிரஷ் என்மேல் விழுந்திருக்க வேண்டியது.

மீதி பன்னிரண்டையும் அனுப்பினால் இரண்டே நாளில்

இந்த வரியை எழுதியபின் கோடு போட்டு அடிக்கப் பார்த்தேன். அடிக்கவில்லை. எனக்கு எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது என்று நீயும் பார்.

அக்கா

*

ஆகஸ்ட் 17

அக்கா,

வேலியே பயிரை மேய்ந்த கதை கேட்டிருக்கிறேன். வேலி மேய்ந்துவிட்டுப் பயிருக்கு ஆறுதல் சொல்லிக் கடிதம் எழுதியதாகக் கேட்டதில்லை.

எட்டாம் வகுப்பில் அறிவியல் நோட்டில் இதயம் வரையச் சொன்னார்கள். நான் பாதி வரைந்துவிட்டு விளையாடப் போனேன். வந்து பார்த்தால் மீதியை நீ முடித்திருந்தாய். டீச்சர் அதை வகுப்புச் சுவரில் ஒட்டினார். வருஷம் பூராவும் அது என் கண்ணெதிரே இருந்தது. என் பாதி எது, உன் பாதி எது என்று கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தாலே தெரியும். அதற்குப் பிறகு நான் எதையும் முழுசாக வரைந்ததில்லை. முடிக்காமல் விட்டால் என்னவாகும் என்று எனக்குப் பயமே வரவில்லை. அதுதான் வீட்டில் நீ இருந்தாயே.

உன்மேல் மட்டும் பழி போடுகிறேன் என்று நினைக்காதே. நான் வெள்ளைப் புள்ளிதான் வைத்தேன் என்று எனக்குத் தெரியும். அன்று அந்த லென்ஸில் பார்த்தபோதே இது என் பல் இல்லை என்று பட்டது. யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அதை அமுக்கிவிட்டேன். அந்தப் பழுப்புத் தண்ணீர்க் கதையை உனக்கு எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஆனால் கையெழுத்துப் போட்டது நான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தாய். இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது. போன் செய்யாதே. யோசனை சொல்லாதே. எந்த நிறம், எந்த பிரஷ் என்று எதையும் எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

தம்பி

*

செப்டம்பர் 2

அக்கா,

முடித்துவிட்டேன்.

உன் பல் இருபத்தெட்டின் மேலும் என் வெள்ளைப் பெயின்ட்டை வைத்தேன். ஒரு வாய்க்கு நாலு புள்ளி. பழுப்புத் தண்ணீர் இல்லை, விரிசல் இல்லை. பன்னிரண்டு பேருக்கும் அதே புள்ளிதான். உதடு போனவனுக்கு மீசை வைத்துவிட்டேன். முதல் பத்து வாயை மூடும்போது உன்மேல் இருந்த கோபத்தில் கை வேகமாகப் போனது. அப்புறம் கோபம் தீர்ந்துபோனது, வேலை மட்டும் மிச்சம் இருந்தது. பதினேழாவது ஆளின் கோரைப்பல்லில் நீ ஒரு ஓரத்தைச் சின்னதாக உடைத்துவிட்டிருந்தாய், ஏதோ எலும்பைக் கடித்தவன்போல். அதை மூடுவதற்கு முன்னால் ஒரு டீ குடிக்க வேண்டியிருந்தது. பிறகு மூடினேன். எல்லாருக்கும் வார்னிஷ் அடித்தேன்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று மாலை கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடிக்கடைக்காரர் லென்ஸைப் பிடித்தார், நிமிர்ந்தார். "பல்லை என்ன பண்ணின? நல்லா இருந்ததைக் கெடுத்து வச்சிருக்கியே."

எல்லாரும் இருந்தார்கள். சொன்னேன். "அது நான் பண்ணினது இல்ல சார். என் அக்கா பண்ணினது. அவ பல்லு செய்யறவ. எனக்கு இவ்வளவுதான் வரும்."

இன்னொருவனை எடுத்து லென்ஸில் பார்த்தார். பிறகு, "ஒண்ணைக்கூட விட்டு வைக்கலையா?" என்று கேட்டார்.

"நாற்பதும் என் கையா இருக்கணும்னு எழுதியிருக்கே" என்றேன். எனக்கும் அந்த நேரத்தில் ஒன்றை விட்டிருக்கலாமே என்று இருந்தது. அதை உனக்குச் சொல்லாமல் இருந்தால் அது இன்னொரு பொய்.

முடித்தவர்கள் பதினொரு பேர். எனக்குப் பதினோராவது இடம். குறிப்புத் தாளில் ‘கவசம் நன்று. பல் சுமார்’ என்று எழுதியிருக்கிறார். அலமாரியில் என் ஆள் நிற்கிறான், மீசைக்காரன். பெயர் எழுதும்போது பேக்கரிக்காரர், "முக்கால்னே எழுதுங்க, இல்லாட்டி யாருன்னு தெரியாது" என்றார். எழுதிவிட்டார்கள். இனி அந்தப் பெயர் போகாது. இவ்வளவு பாடுபட்டும் அதைத்தான் சம்பாதித்திருக்கிறேன்.

இத்துடன் ஒருவனை அனுப்புகிறேன். நீ கையில் பிடித்திருந்தாயே, அந்த ஈட்டிக்காரன். ஈட்டி மலை விழுந்தாலும் உடையாது என்றாய். உண்மைதான், நானே வளைத்துப் பார்த்தேன். உன் லேப் மேஜையில் வை.

தொடாதே.

தம்பி

*

செப்டம்பர் 20

தம்பி,

உன் ஆள் வந்து சேர்ந்து இரண்டு வாரமாகிறது. பார்சலை ஓரளவு ஒழுங்காகக் கட்டியிருந்தாய்.

கடிதத்தைப் படித்தேன். இருபத்தெட்டையும் அழித்ததை முதலில் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் உன்னை நன்றாகத் திட்டினேன், அத்தான் சாட்சி. பதினேழாவது ஆளைப் பற்றி நீ எழுதியிருக்காவிட்டால் இன்னும் திட்டிக்கொண்டிருப்பேன். அவனை நீ பார்த்திருக்கிறாய். அது போதும்.

மேஜையில்தான் நிறுத்தியிருக்கிறேன், நீ சொன்னபடி. காலை பதினொரு மணிக்கு ஜன்னல் வெயில் நேராக அவன் வாயில் விழுகிறது. வலது கோரைப்பல் உதட்டைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது. இடதுபக்கம் இரண்டு புள்ளியும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிட்டன. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள், ஆனால் நான் பல் பிடித்துப் பார்த்தே பிழைக்கிறவள். ஐந்தாம் நாள் பிரஷ்ஷை நனைத்துவிட்டேன். மஞ்சளையும் கொஞ்சம் எடுத்துவிட்டேன். பிறகு கழுவி வைத்துவிட்டு வெளியே போய் வராந்தாவில் நின்றேன். அன்று ஒரு கடைவாய்ப்பல் தாமதமாகி, டாக்டரிடம் பேச்சு வாங்கினேன்.

நேற்று, பக்கத்து மேஜைக்காரி அவனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். என்னிடம் பத்து வருடமாக வேலை கற்றுக்கொண்டவள், அவளுக்கும் கை சும்மா இருக்காது. "அய்யே, என்னக்கா இது, பல்லு இப்படி இருக்கு. குடுங்க, ரெண்டு நிமிஷத்தில சரி பண்ணித் தர்றேன்" என்று பிரஷ்ஷை எடுத்தாள்.

"கையை எடு. அது என் தம்பி முடிச்சது" என்றேன்.

அக்கா